கிழிந்துகொண்டே இருந்த போஸ்டர்

போஸ்டர் ஒட்டும் பசைக்கு மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். நேராகக் கொதிநீரில் போட்டால் கட்டி தட்டிவிடும். கணவர் இறந்தபிறகு எங்கள் தியேட்டரில் பசை காய்ச்சுவதும் நான்தான், ஒட்டுவதும் நான்தான். அதனால் மாடிப்படிச் சுவரைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு என்னால் நிதானமாகப் பதில் சொல்ல முடியும்.

மாமனார் தியேட்டரைக் கட்டியபோது அங்கே பால்கனி கிடையாது. ஊருக்குக் கல்லூரி வந்தபிறகு, வாத்தியார்கள் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்க மாட்டோம் என்று மாணவர்கள் முரண்டு பிடித்திருக்கிறார்கள். அவர்களுக்காகப் பின்னால் சேர்த்ததுதான் பால்கனி. அன்றிலிருந்து வாத்தியார்கள் கீழே, பிள்ளைகள் மேலே. எந்த வாத்தியார் உள்ளே வந்தாலும் அவர் உட்காரும்வரை மேலே தரையைத் தடதடவென்று காலால் உதைப்பார்கள். வாத்தியார்களுக்கும் அது பிடித்திருந்தது. உதைச் சத்தம் இல்லாமல் உள்ளே வருபவருக்கு மறுநாள் வகுப்பில் மரியாதை இருக்காது.

போன மழைக்காலத்தில், பால்கனி உத்திரம் மாடிப்படிச் சுவரில் வந்து உட்காரும் இடத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. கொழுந்தன் ஓர் எஞ்சினியரைக் கூட்டிவந்தார். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "பால்கனிய மூடிடுங்கம்மா. கீழ மட்டும் ஓட்டுங்க" என்றார்.

"எதுக்கு அண்ணி இந்தப் பாடு?" என்றார் கொழுந்தன். "காலேஜ்காரங்க இடத்தைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. குடுத்துட்டு எங்க வீட்ல ஒரு மூலைல நிம்மதியா இருங்க."

அந்த மூலை எனக்குத் தெரியும். அங்கே இஸ்திரி மேசை, பழைய மெத்தைகள், அவர் மனைவியின் பெருமூச்சு எல்லாம் இருக்கின்றன. பால்கனியை மூடினால் பிள்ளைகள் வரமாட்டார்கள். பிள்ளைகள் இல்லையென்றால் தியேட்டர் இல்லை. தியேட்டர் இல்லையென்றால் நான் யார் என்று யோசித்துப் பார்த்தேன்.

மூடிவிடுகிறேன் என்று சொல்லி எஞ்சினியரை அனுப்பினேன். விரிசலின் மேல் அந்த வாரப் படத்தின் போஸ்டரை ஒட்டினேன். பழையதைக் கிழிக்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டுவது எங்கள் வழக்கம். தாள்மேல் தாள் சேர்ந்து அட்டைபோல் கெட்டிப்பட்டது. ஒருநாள் போஸ்டர் கிழிந்திருந்தது, கதாநாயகியின் நெற்றியிலிருந்து தாடைவரை. பசை சரியில்லை என்று நினைத்தேன். அடுத்ததும் கிழிந்தது. மாவுக்கடைக்காரரோடு சண்டைபோட்டு மாவை மாற்றினேன். மறுபடியும் கிழிந்தது. ஆட்கள் வருவதற்கு முன்பே போய் ஒட்டத் தொடங்கினேன். கடைசியாக ஒட்டியபோது கிழிசலுக்குள் என் விரல் போயிற்று. பசையை இன்னும் கெட்டியாகக் காய்ச்சினேன்.

கீழே உட்கார்ந்தவர்கள் தலையில் சுண்ணாம்புத் தூள் விழுந்தது. "என்ன ஓனரம்மா, டிக்கெட்டோட பவுடரும் இனாமா?" என்றார் கணக்கு வாத்தியார். நானும் சிரித்தேன்.

தேர்வு முடிந்த அன்று மதியக் காட்சி. பால்கனி நிரம்பி, படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வுபெறப் போகிற கணக்கு வாத்தியார் மனைவியோடு வந்தார். மேலே உதை தொடங்கியது. அவர் உட்காரப் போவார், மறுபடி எழுந்து மேலே பார்த்துக் கையசைப்பார். உதை நிற்கவே இல்லை. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படியொரு சத்தம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று கண் கலங்கியது. பிறகு அது வேறு சத்தமாயிற்று.

இறந்தவர்கள் என்று நீங்கள் வாசித்த பெயர்கள் எல்லாமே எனக்குத் தெரிந்த பிள்ளைகளின் பெயர்கள். விரிசல் தெரியும். எஞ்சினியர் சொன்னது தெரியும். மூடாதது நான்தான். ஆனால் விழும் என்று எனக்குத் தெரியாது.

என் மகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவளும் அந்தக் கல்லூரிதான். அன்று தோழிகளோடு மேலே ஏறியவளைக் கையைப் பிடித்து இறக்கி, திரைக்கு எதிரே முதல் வரிசையில் உட்காரவைத்தது நான்தான்.

"ஏம்மா, என் செட்டு மொத்தமும் மேல இருக்கு. இங்க உக்காந்தா கழுத்து ஒடிஞ்சிரும்" என்று சிணுங்கினாள்.

"சொன்னாக் கேளுடி" என்றேன்.

இங்கே ஜெயிலுக்கு என்னைப் பார்க்க ஒரேயொரு தடவைதான் வந்தாள். "அவளுங்களையும் இறக்கிவிட்டிருக்கலாமேம்மா" என்றாள்.

எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் படம் நன்றாகத் தெரியும். அதற்காகத்தான்.