வியாழக்கிழமை தவறியதில்லை

அந்த மின்விசிறியை நிறுத்திவிட்டால் என் குரல் தெளிவாக விழும், அம்மணி. பதிவுக் கருவியையும் மேஜைமேல் வெறுமனே வைக்காதீர்கள். கீழே ஒரு துண்டை மடித்து வையுங்கள். இல்லையென்றால் நான் கையை அசைத்தால்கூட இடி இடித்த மாதிரி கேட்கும். நான் கிணறு வெட்டுகிறவன். இதெல்லாம் நிகழ்ச்சி செய்து செய்து தெரிந்துகொண்டது.

ஹெனோவேவாவின் பாட்காஸ்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நம் சொனோரா மாநிலத்தில் பிள்ளையைத் தொலைத்த வீடுகளில் அதைக் கேட்காத வீடு குறைவு. அவள் மகன் நசாரியோ ஒரு நாள் டயர் வாங்கப் போனவன், திரும்பவில்லை. அவனுக்கு நான் ஞானத்தகப்பன். அந்த உறவில் அவள் என்னைக் கொம்பாத்ரே என்பாள், நான் அவளைக் கொமாத்ரே என்பேன்.

அவன் போன பிறகு அவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். தொர்த்தியா ரொட்டி கொண்டுபோய் வைத்தால் மறுநாள் எறும்புதான் தின்றிருக்கும். பிறகு, காணாமல் போன பிள்ளைகளின் உடலைத் தேடுகிற தாய்மார்களோடு சேர்ந்தாள். ஞாயிறு காலையில் குன்றுப் பக்கம் போவோம். நான் இரும்புக் கம்பியைச் சம்மட்டியால் மண்ணுக்குள் இறக்குவேன். உருவி, நுனியை முகர்ந்து பார்ப்பேன். கீழே யாராவது கிடந்தால் வாசம் காட்டிக்கொடுத்துவிடும். அவள் போனில் பதிவு செய்தபடியே மகனோடு பேசுவாள்.

"நசாரியோ, வெயில் மண்டையப் பொளக்குதுடா. உன் ஞானத்தகப்பன் தொப்பிய மறந்துட்டு என் முக்காட்டப் போட்டுட்டு நிக்கிறாரு. பாக்க கல்யாணப் பொண்ணு மாதிரியே இருக்காரு."

அதை வெட்டி ஒட்டி வியாழக்கிழமை காலையில் வெளியிடுவோம். வியாழன் தவறக்கூடாது என்று சொன்னவன் நான்தான். ஒரு வாரம் விட்டால் கேட்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மறுவாரமும் விட்டால் வேறு எங்காவது போய்விடுவார்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது போர்வைக்குள் வைத்துப் பதிவு செய்தோம். மழையில் குன்றுக்குப் போக முடியாத வாரம், பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டே பேசினாள். மெல்ல மெல்லச் சாப்பிடத் தொடங்கினாள். ஞாயிறுகளில் எனக்கும் சேர்த்துக் காபி ஊற்றினாள். என் மனைவி போன பிறகு எனக்கு யாரும் காபி ஊற்றியதில்லை.

எங்களோடு வந்த க்ளோதில்தேவுக்கு மகள் எலும்பாகக் கிடைத்தாள். அடக்கம் செய்தாள். அதன்பின் ஒலிவாங்கி முன்னால் வந்து உட்காரவில்லை. "இனிமே சொல்றதுக்கு என்ன இருக்கு, ஃபெர்மின்?" என்றாள். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இதை நீங்கள் என் வாக்குமூலத்தில் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். நான் செய்ததற்குக் காரணம் அதுதான்.

க்ளோதில்தேவின் அடக்கத்திலிருந்து திரும்பும்போது ஹெனோவேவா சொன்னாள்: "அவன் எலும்ப மடியில வச்சு ஒரு தடவ தாலாட்டிட்டாப் போதும், கொம்பாத்ரே. அப்புறம் இந்தப் போனத் தூக்கிக் கிணத்துல போட்டுடுவேன்."

இரண்டாவதாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, பழைய சுண்ணாம்புக் காளவாய்க்குப் பின்னால், இரண்டாவது அடிக்கே கம்பி முழங்கை ஆழம் போனது. ஒருமுறை வெட்டி மூடிய மண் அப்படித்தான் இடம் கொடுக்கும். உருவி முகர்ந்தேன். அவள் போனை என் வாயருகே நீட்டினாள்.

"என்ன கொம்பாத்ரே, மூஞ்சி இப்படிச் சுருங்குது?"

"பன்னி. எவனோ செத்த பன்னியப் புதைச்சிருக்கான்."

"பாத்தீங்களா, இந்த ஊர்ல பன்னிக்குக்கூடக் குழி வெட்ட ஆளிருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த மண்மேலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அந்த வாரம் நிகழ்ச்சி அவள் சிரிப்போடு வெளியானது. அதற்கு முன் எங்களுக்கு அத்தனை பேர் பதில் அனுப்பியதில்லை. அவள் சிரிப்பைக் கேட்டதில் தங்களுக்கும் தெம்பு வந்தது என்று எழுதியிருந்தார்கள்.

பன்னி என்று சொன்ன அந்த ஞாயிறு பிற்பகலே நான் தனியாகப் போய்த் தோண்டினேன். யாரென்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் போனேன். முதலில் வந்தது பூட்ஸ். குதிகால் செம்புக் கம்பியால் தைத்திருந்தது. தைத்தவன் நான். தோல் நல்ல தோல், எறியாதே என்று சொல்லி நசாரியோவுக்குத் தைத்துக் கொடுத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். பிறகு மூடினேன். நரி தோண்டாதபடி பெரிய கற்களாகப் பார்த்து அடுக்கினேன். வேலையில் குறை வைக்கவில்லை.

அதன்பின் நாலு வருடமாக எங்கே தேடுவது என்று முடிவு செய்தவன் நான். ஆற்றங்கரை, ரயில் பாதை, வடக்குக் குன்றுகள். காளவாய்ப் பக்கம் அவள் திரும்பினால், "அங்க பாத்தாச்சே, கொமாத்ரே" என்பேன். "ஆமா, உங்க பன்னி" என்பாள். அந்த மேடுகளில் ஏறி இறங்கியே அவள் முழங்கால் இரண்டும் போயின. கம்பை ஊன்றிக்கொண்டும் வந்தாள். அவளை உயிரோடு வைத்திருந்தது அந்த நிகழ்ச்சி. அதை நிற்காமல் வைத்திருந்தவன் நான். இதில் எதை நான் மாற்றிச் செய்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. நேற்று மருத்துவமனையில் போனை அவள் வாயருகே வைத்துப் பார்த்தேன். மூச்சுதான் வந்தது. அதையும் பதிவு செய்தேன். ஆனால் வெறும் மூச்சை வைத்து ஒரு வாரத்தை ஓட்ட முடியாது. இந்த வாரத்துக்கு வேறு எதுவும் கையில் இல்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

நசாரியோ எங்கே கிடக்கிறான் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடமாகத் தெரியும். இடத்தைக் காட்டுகிறேன். புதன்கிழமைக்குள் தோண்டிவிடுங்கள். மண்வெட்டிச் சத்தம் விழும்படி போனை நான் பிடித்துக்கொள்கிறேன். அப்புறம் நீங்கள் என்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

வாரக்கடைசிவரை தாங்கமாட்டாள் என்கிறார் டாக்டர். ஆனால் காது நன்றாகக் கேட்கிறது. அதனால் முன்கூட்டி யாரும் போய் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், அம்மணி. வியாழக்கிழமை கேட்டுக்கொள்வாள்.