எஞ்ஜினில் ஒன்றுமில்லை

உங்கள் ஜீப்பில் ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. நீங்கள் வாசலில் வந்து நின்றபோது என் மனதில் ஓடியது அதுதான், இன்ஸ்பெக்டர் ஐயா. துக்க வீட்டில் இருப்பவள் அதையெல்லாம் கவனிக்கக் கூடாது. காதுக்கு அது தெரிவதில்லை.

கணவர் இறந்தபின் அந்நிய ஆண்கள் முன் வராத இத்தாவில் இருப்பதால் திரைக்கு இந்தப் பக்கமிருந்தே பேசுகிறேன். எழுதுகிற கான்ஸ்டபிளுக்குக் கேட்கவில்லை என்றால் சொல்லுங்கள்.

பாலக்கரையில் இந்த வீட்டின் முன்பக்கம்தான் எங்கள் பட்டறை. அதற்கும் வீட்டுக்கும் நடுவே இந்தத் திரை. என் கணவர் தாஜுதீனுக்கு வேலையில் கை சுத்தம். ஆனால் சண்டைக் காலத்தில் பட்டாளத்து லாரிகளோடு இருந்து வந்ததிலிருந்து காதுக்குள் ஓயாத இரைச்சல். பேச்சு கேட்கும், ஒரு சத்தத்திலிருந்து இன்னொன்றைப் பிரிக்க வராது. கல்யாணமான புதிதில் சோறு போடும்போது, "வாசல்ல நிக்கிற லாரில ஏதோ தட்டுதுங்க, அடியில" என்றேன். எழுந்து போய்ப் பிரித்துப் பார்த்தார். பேரிங் தேய்ந்திருந்தது.

அதன் பிறகு அதுவே எங்கள் முறையாயிற்று. வண்டி வரும், ஓடவிட்டுத் திரையைப் பார்ப்பார். எனக்குப் பிடிபட்டதும் திரையை அசைப்பேன். தண்ணீர் குடிக்க உள்ளே வருவார். நான் சொல்வதைக் கேட்டு, வெளியே போய்த் தன் வாயால் சொல்வார். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. பிள்ளை வாய்க்கவில்லை, சமையலும் சுமார்தான். இது ஒன்று வாய்த்திருந்தது.

பட்டறைக்கு வழக்கமாக வரும் பரக்கத் அலியிடம் ஒரு பழைய அமெரிக்கக் கார். பெட்ரோல் எஞ்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டி, ஸ்ரீரங்கத்துக்கும் சமயபுரத்துக்கும் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். எடமலைப்பட்டி புதூரில் பெரிய ஷெட் போட்டு என் கணவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வது அவர் எண்ணம். பட்டறை அங்கே போய்விடும். திரை இங்கேயே இருக்கும்.

"என்ன பாய், உள்ள ஜின்னு வச்சு வளக்குறீங்களா? தண்ணி குடிச்சிட்டு வந்தாத்தான் ஒங்களுக்கு வெவரம் வருது. புதூர்ல எந்த ஜின்னுகிட்டக் கேப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டார்.

என் கணவர் சிரித்தார். "உள்ள என்ன இருக்கு? பொம்பளைங்கதான் இருக்காங்க. எல்லாம் என் காதுதான் பாய்."

அன்று சாப்பிடும்போது என்னிடம், "புதூர் போயிட்டா ஒனக்கு நிம்மதி நஜ்மு. இந்தச் சத்தமெல்லாம் இருக்காது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். சத்தமில்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன்.

அந்தக் காரில் இடிக்கிற சத்தம் ஒன்று வந்தது அதற்குப் பிறகுதான். டீசல் எஞ்ஜின் எப்போதும் கொஞ்சம் தட்டும், அதைச் சொல்லவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்த கணத்தில் இரும்பில் இரும்பு மோதுகிற மாதிரி ஒரு 'டொக்'. என் கணவர் ஒவ்வொரு சிலிண்டராக டீசல் போகும் குழாயைத் தளர்த்திப் பார்த்தார். கோளாறு ஒரு சிலிண்டருக்குள் இருந்தால், அதற்கு டீசலை நிறுத்தியதும் சத்தம் அடங்கும். எதை நிறுத்தியும் அடங்கவில்லை. அப்படியானால் சத்தம் எஞ்ஜினுக்கு உள்ளே இல்லை. திரைக்குப் பின்னால் நின்றபடியே அது எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. காரை இங்கேயே விட்டுவிட்டு இருவரும் ஜும்மாவுக்குப் போனார்கள். நான் திரையைத் தாண்டிப் போய், கடப்பாரையால் எஞ்ஜினை லேசாக நெம்பினேன். தூக்கிக்கொண்டு வந்தது. அதைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தது. டீசல் எஞ்ஜினின் உதறலுக்கு அந்தப் பழைய ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? மிதிக்கும்போதெல்லாம் எஞ்ஜின் சாய்ந்து அடிச்சட்டத்தில் இடித்திருக்கிறது. இடிக்கிற இடத்தில் பிரேக் குழாய் போகிறது. குழாய் நசுங்கி, பிரேக் எண்ணெய் கசிந்து ஈரமாக இருந்தது. தரையிலும் கொஞ்சம் சொட்டியிருந்தது.

குழாயை நான் தொடவில்லை. ஈரத்தை மட்டும் துடைத்தேன். தரையில் எண்ணெய் கிடப்பது எனக்குப் பிடிக்காது.

திரும்பி வந்ததும் அவர் தண்ணீர் குடிக்க வந்தார். "என்னா?" என்றார்.

"எஞ்ஜின்ல ஒண்ணும் இல்லைங்க. ஓட்டலாம்."

நான் சொன்னதில் பொய் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். எஞ்ஜினில் ஒன்றுமில்லைதான். நான் சொன்னால் அவர் குனிந்து பார்ப்பதில்லை. அது அவருடைய பழக்கம்.

பரக்கத் அலி தனியாகப் போவார் என்றுதான் நினைத்தேன். "வாங்க பாய், அப்படியே ஷெட்டப் பாத்துட்டு வந்துருவோம்" என்று அவர் கூப்பிடுவது காதில் விழுந்தது. கார்க் கதவு ஒன்று சாத்தப்பட்டது. இன்னொன்று சாத்தப்படவில்லை. என் கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்தார். அது அசைந்தால் உள்ளே வருவார்.

தெருப்பக்கத்திலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. நான் திரையின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது கதவும் சாத்தப்பட்டது. ஜங்ஷன் பாலத்து இறக்கத்தில், மூங்கில் ஏற்றி நின்ற லாரியின் பின்னால் நடந்ததை நீங்கள்தான் பார்த்தீர்கள். இரண்டு பேரின் உடலையும் நீங்கள்தான் எடுத்தீர்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்து அழுவது என் கணவரின் தங்கை ரோஷன் பேகம். "அண்ணி, அன்னிக்கு ஒங்களுக்குக் காச்சல். காது அடச்சிருந்துச்சு, சத்தம் சரியா வெளங்கலைன்னு சொல்லிருங்க. ஒங்க கால்ல விழுறேன்" என்கிறாள். நீங்களும் இரக்கத்தோடு, "அப்படியாம்மா? அப்படின்னா சொல்லுங்க, அதையே எழுதிக்கிறோம்" என்கிறீர்கள்.

நல்ல மனதோடு கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சரியாகக் கேட்கவில்லை என்று எழுத மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன், ஐயா.