மழைக்கு முன் மூடப்பட்ட நெல்

நீதித்துறை நடுவர் முன்பாக 14.03.2024 அன்று பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் பிரகதீஸ்வரி, வயது 41, கணவர் பெயர் தியாகேசன். திருத்துறைப்பூண்டி வட்டம் மேலக்கரைவெளி கிராமம் வடக்குத் தெருவில் குடியிருந்து வருகிறேன். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இறந்துபோன பூவம்மாள், வயது 68, என் கணவருக்குப் பெரியம்மா. நான் அத்தை என்று கூப்பிடுவேன். எங்கள் அடுத்த வீட்டில் தனியாக இருந்தார். இந்த வழக்கில் நான் முன்பே போலீசாரிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு விஷயம் சரியில்லை என்பதால் இன்று வந்திருக்கிறேன்.

09.10.2023 திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அத்தை, சாப்பாட்டுக்கென்று ஒதுக்கி வைத்த குறுவை நெல்லை வாசல் தளத்தில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "மானம் மூடிக்கிட்டு வருது. நான் அசந்துட்டேன்னா ஒரு சத்தம் குடுடி" என்றார். சரி என்று சொன்னேன். அதன் பிறகு பத்தரை மணிக்கு ரேஷன் கடைக்குப் போய்விட்டு, பன்னிரண்டு மணி சுமாருக்குத் திரும்பி வரும்போது, வாய்க்கால் கரையிலிருந்து இறங்கி வரப்பில் ஓர் ஆள் போவதைப் பார்த்தேன். முதுகைத்தான் பார்த்தேன். தலையில் துண்டு கட்டியிருந்தார். அதன் பிறகு அத்தை வாசலில் நெல்லைக் கொத்திக்கொண்டிருந்த கோழியை விரட்டிவிட்டு என் வீட்டுக்குள் போனேன். அப்போது நெல் விரித்தபடியேதான் கிடந்தது.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் இரண்டரை மணிக்கு இடிச் சத்தம் கேட்டு ஓடினேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. நெல் ஏற்கெனவே குவிக்கப்பட்டு, மேலே நீலத் தார்ப்பாய் போர்த்தி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருந்தது. அத்தை பார்த்துக்கொண்டார் என்று நிம்மதியாகத் திரும்பிவிட்டேன். உள்ளே போய்ப் பார்க்கவில்லை. மாலை ஆறரை மணிக்கு வீட்டில் லைட் எரியாததால் போனேன். அத்தை கட்டிலில் கிடந்தார். முகத்தின் மேல் தலையணை இருந்தது. கழுத்துச் சங்கிலி கழுத்திலேயே இருந்தது. உயிர் போனது பகல் பன்னிரண்டுக்கு முன் என்று டாக்டர் சொன்னதாகப் பிறகு சொன்னார்கள்.

மறுநாள் ஸ்டேஷனில், வரப்பில் ஓர் ஆள் போனதைச் சொன்னேன். அன்றிருந்த அதிகாரி, "வரப்புல போனது சிங்காரவேலுதானேம்மா?" என்று கேட்டார். சிங்காரவேலு எங்கள் தெருக்கோடியில் இருப்பவர், விவசாயக் கூலி. அவருக்கும் அத்தைக்கும் வாய்க்கால் மடை திறப்பதில் வாய்த்தகராறு நடந்திருந்தது ஊருக்கே தெரியும். நான், "அவரு மாதிரி இருந்துச்சு சார்" என்றேன். எழுதியதில் அவர்தான் என்று இருந்தது. வாசித்துக் காட்டியபோது எனக்குக் கேட்டது. அத்தையைப் பிரேதப் பரிசோதனைக்கு வைத்திருந்தார்கள், எப்போது கொடுப்பார்கள் என்பதே என் நினைப்பாக இருந்தது. திருத்தச் சொல்லவில்லை. கோழியை விரட்டியதையும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

சிங்காரவேலுவைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே 27.12.2023 அன்று கீழ்வேளூர் பக்கம் தஹ்மீனா என்ற வயதான அம்மா தனியாக இருந்த வீட்டில் இதேபோல் இறந்துகிடந்தார். முகத்தின் மேல் தலையணை, எதுவும் திருடு போகவில்லை. மதியம் மழை பெய்திருக்கிறது. ஆனால் கொடியில் காய்ந்த துணிகள் உள்ளே எடுக்கப்பட்டு நாற்காலியில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மழைக்கு முன்பே அந்த அம்மா இறந்துவிட்டாராம். இதைப் புதிதாக விசாரிக்க வந்த அதிகாரிகள் என்னிடம் சொல்லி, "நெல்லை நீங்க அள்ளுனீங்களா?" என்று மூன்று முறை கேட்டார்கள். நான் அள்ளவில்லை. அக்கம்பக்கத்தில் யாரும் அள்ளவில்லை. அப்படியானால் நான் கோழியை விரட்டியபோது யாரோ உள்ளே நின்றிருக்க வேண்டும், அல்லது போனவர் திரும்பி வந்திருக்க வேண்டும். கொன்றவர் எதற்காக நெல்லை நனையாமல் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும் ஒரே ஆளின் வேலையா என்றும் எனக்குத் தெரியாது.

சிங்காரவேலு ஜனவரியில் ஜாமீனில் வந்தார். போன வாரம் நானே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அனுராதா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். நான், "அண்ணே, அன்னிக்கு வரப்புல போனது நீங்களா? மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டேன். அவர், "அந்த வரப்புல தெனமும்தான் போறேன். அன்னிக்குப் போனேனா, எத்தன மணிக்குன்னு அவங்க கேட்டுக் கேட்டு, இப்ப எனக்கே தெரியல தங்கச்சி. நீங்க பாத்தீங்கல்ல, நீங்க சொல்லுங்க" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அவர் கொன்றார் என்றோ கொல்லவில்லை என்றோ சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் பார்த்தது ஒரு முதுகை மட்டும்தான்.

யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாக வந்து சொன்னேன். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இந்த முறை ஒவ்வொரு வரியாக நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
தி. பிரகதீஸ்வரி