கூரைக்குள் போன மலை

– நான் லே டவுனுக்குப் போய் விருந்தாளிங்களுக்கு முட்டை வாங்கிட்டு வர்றதுக்குள்ள ஆட்டைத் திருப்பிட்டியா அக்கா? இன்னிக்கு ஊர் ஆட்டையெல்லாம் மேய்க்கிறது நம்ம வீட்டு முறை. ஊரே கேட்கும்.

– கேட்கட்டும். மேல தின்ன ஒண்ணுமில்ல, நவாங்.

– பின்சரிவுல?

– அங்கதான் போனேன். பனிக்கு மேல தலை நீட்டுறது புர்ட்சே செடி ஒண்ணுதான். இந்த வருசம் அதுவுமில்ல. எல்லாம் பின்னாடி உன் விருந்தாளி அறைக் கூரைக்குள்ள இருக்கு.

– அதில்லக்கா. தெர்மாகோல் அடைச்சிருந்தா நீ திட்டலாம். இது மலைச் செடி. நாளைக்கே கூரை இடிஞ்சாலும் மக்கி மண்ணாப் போயிடும்.

– மக்கும் ராசா. முளைக்குமா?

– முந்தாநேத்து வந்தவங்க அடுப்பே மூட்டாமத் தூங்கினாங்க. ஒரு வறட்டி செலவில்ல. பூமிக்கு நோகாத வீடுன்னு சொல்லிட்டுப் போனாங்க.

– அவங்க பனிச்சிறுத்தை பாக்க வந்தவங்க. ஆட்டை எங்க பாத்தாங்க?

– நீ மட்டும் அப்ப தடுத்தியா?

– வேரை விட்டுட்டு அறுப்போம்னேன். வேர்க்கட்டை இருந்தாத்தான் குளிர் இறங்காதுன்னு நீதான் சொன்னே. சும்மா சொல்லக்கூடாது, நானும்தான் உன்கூட நின்னு பிடுங்கினேன். கை காய்ச்சுப் போற அளவுக்கு.

– ரெண்டு வருசத்துல திரும்ப வந்துடும்னு நினைச்சேன்க்கா.

– அது விரல் கனம் ஆகறதுக்குள்ள உனக்கு நரைச்சிடும். பக்கத்து வீட்டு பல்தானோட ஆடு வழியிலயே உட்கார்ந்துடுச்சு. சினை ஆடு. தூக்கி நிறுத்தினா மறுபடி உட்காருது. தோள்ல போட்டுத்தான் கொண்டு வந்தேன். மத்ததும் தள்ளாடித்தான் இறங்குச்சு.

– நம்ம குதிரைமசால் தீவனத்தைப் போடேன்.

– நம்ம ஆட்டுக்கே நேத்தோட தீந்துடுச்சு. எந்த வீட்டுலயும் இல்ல. எல்லாரும் சரிவைத்தான் நம்பியிருந்தாங்க.

– தப்புதான்க்கா. கூரை கட்டுற அவசரத்துல மலையைப் பாக்கலை. சாயங்காலம் வீடு வீடாப் போயி நானே சொல்றேன். நாளைக்கு வர்றவங்க மட்டும் வந்துட்டுப் போகட்டும்.

– அவங்களை வரவேண்டாம்னு சொல்லிடு.

– ஏன்? ஆடெல்லாம் இப்ப எங்க?

– கூரை மேல. கடப்பாரையால மண்ணைப் பேத்து, செடியை வெளிய இழுத்து, நான்தான் ஏத்திவிட்டேன்.