கொக்கியில் சுமை இருக்கும்வரை

— மச்சான், இப்பவாவது இறக்கட்டுமா? இந்தத் தகட்டுக் கட்டைத் தொங்க விட்டுட்டு நான் எவ்வளவு நேரம்தான் ஊருக்கு வேடிக்கை காட்டுறது?

— வேணாம் மாமா. கீழ ஆளுங்க சாப்பிட உக்காந்திருக்காங்க.

— தலைக்கு மேல இரும்பு தொங்குது, அதுக்கு அடியிலயா உக்காருவானுங்க? அறிவுகெட்டவனுங்க. எந்திரிக்கச் சொல்லு.

— சொல்லிட்டேன் மாமா. இதோ, எந்திரிச்சிடுவாங்க.

— இந்த 'இதோ'வை நீ ரொம்ப நேரமா சொல்லிட்டிருக்க. எனக்கு அங்க ஒண்ணும் தெரியல, கேட்டுக்கோ. ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல கம்பிக் கயிறு இறங்குது, அவ்வளவுதான் தெரியுது. அதுக்குக் கீழ என்ன நடக்குதுன்னு நீ சொன்னாத்தான் உண்டு.

— தெரியும் மாமா. அதனாலதான் பொறுமையா இருங்கன்னு சொல்றேன்.

— சரி விடு, மேல தூக்கிடுறேன். தூக்கி அந்தப் பக்கம் திருப்பி இறக்கி வச்சுட்டு நானும் சாப்பிட வரேன். காலையிலேருந்து இந்த கிரேன் கேபினுக்குள்ள குந்தியே முதுகு கழண்டு போச்சு.

— ஐயோ, தூக்கிடாதீங்க! கட்டு ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. சாரத்துல மாட்டுச்சுன்னா மொத்தமும் சரிஞ்சிடும்.

— இறக்கவும் கூடாது, தூக்கவும் கூடாது, திருப்பவும் கூடாது. கொக்கியில லோடு இருக்கிறப்ப நான் சீட்டை விட்டு எந்திரிக்கவும் கூடாது. ஏன் மச்சான், உங்கக்காவைக் கட்டினதுக்கு என்னை ஆகாசத்துல வச்சுப் பூட்டிட்டியா?

— சும்மா இருங்க மாமா, விளையாட்டு பேசாதீங்க. உங்க குரல் விட்டு விட்டு வருது. செட்டுல சார்ஜ் இருக்கா?

— அதெல்லாம் கெட்டியா இருக்கு. மலிவு சரக்குன்னு அன்னைக்கு நீ சிரிச்சியே! காண்ட்ராக்டர் கொடுத்த பெரிய வாக்கி டாக்கி எல்லாம் மண்டையைப் போட்டுடுச்சு. சந்தையில பேரம் பேசி நான் அள்ளிட்டு வந்த இந்த மூணும்தான் இன்னைக்கும் கத்துது. அதுவும் இந்த உயரத்துல வச்சுப் பேசினா ஊர் எல்லை வரைக்கும் எடுக்கும், கேட்டுக்கோ.

— வேலைக்கு ரெண்டு போதுமே மாமா.

— மூணாவது எதுக்குன்னு உனக்குத் தெரியாதாக்கும். உங்கக்காகிட்ட போனைக் கொடுத்தா யார் யாருக்கோ பேசுறா. செட்டுல என்கிட்ட மட்டும்தான் பேச முடியும். போனை வாங்கி வச்சுட்டு இதைக் கொடுத்தேன், வீடு நிம்மதியா இருக்கு. இரு, இப்பவே கூப்பிட்டுப் பார்க்கிறேன். ஏய், பாப்பா அம்மா! கேக்குதா? எங்க இருக்க?

— மாமா, லோடு தொங்குறப்ப வேற பேச்சு எதுக்கு?

— பாப்பா அம்மா! ஏய்! பார்த்தியா, பதிலே இல்ல. நேத்துதான் வாங்கிக் கட்டிக்கிட்டா, இன்னைக்கும் அதே திமிரு.

— தூங்குறாளோ என்னவோ.

— பகல்ல என்ன தூக்கம்? கேபினை வீட்டுப் பக்கம் திருப்பினாலே மொட்டை மாடி தெரியும். துணி காயுதா, பாப்பா விளையாடுதா, எல்லாம் இங்கிருந்தே பார்த்துடுவேன். இன்னைக்குன்னு பார்த்து நீ காலையிலேருந்து எல்லா லோடையும் வீட்டுக்கு எதிர்ப் பக்கமே கேக்குற.

— வேலை அந்தப் பக்கம்தானே மாமா இருக்கு.

— இருக்கும், இருக்கும். பூட்டின வீட்டுக்குள்ள இருக்கிறவ எங்க போயிடப் போறா? திருட்டு பயத்துக்குத்தான் வெளியில பூட்டிட்டு வரேன், வேற ஒண்ணும் இல்ல.

— ம்.

— என்ன 'ம்'? மச்சான், சாவி என் பையில இருக்கு. பை ஷெட்டுக்குள்ள மாட்டியிருக்கு. போய் இருக்கான்னு பாரு.

— நான் இந்த இடத்தை விட்டு எப்படி மாமா நகர்றது? லோடு...

— கொஞ்சம் முந்தி நான் கூப்பிட்டப்ப நீ பேசவே இல்லையே. தண்ணி குடிக்கப் போனேன்னு சொன்ன. இவ்வளவு நேரமா தண்ணி குடிச்ச? மச்சான், சாவி இருக்கா இல்லையா?

— இல்ல மாமா.

— பார்க்காமலே சொல்ற.

— நான்தான் எடுத்தேன். வீட்டைத் திறந்து விட்டுட்டேன்.

— டேய்!

— அக்கா முகத்தைப் பார்த்தேன் மாமா. ஒரு கண்ணு திறக்கவே இல்ல. பாப்பா என்னைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிச்சு. என்னைப் பார்த்து மாமா! நீங்கதான் வந்துட்டீங்கன்னு நினைச்சிருக்கு.

— அவ என்ன பண்ணினா தெரியுமா? செட்டைக் கொண்டு போய் பீரோவுக்குள்ள, துணிக்கு அடியில அமுக்கி வச்சிருந்தா. நான் இங்கிருந்து கத்திக் கத்தித் தொண்டையே வத்திப் போச்சு. போயிட்டாளோ, எதுவும் பண்ணிக்கிட்டாளோன்னு எனக்கு இங்க இருப்புக் கொள்ளல. இறங்கவும் முடியல. வீட்டுக்குப் போய்ப் பார்த்தா உக்காந்து பாப்பாவுக்குத் தலை சீவிட்டிருக்கா! கோபம் வருமா வராதா? கை நீட்டிட்டேன். இல்லங்கல.

— நீட்டினது ஒரு தடவையா மாமா?

— நான் இப்ப கீழ வரேன். வந்து உன் பல்லைக் கழட்டிக் கையில கொடுக்கிறேன்.

— வாங்க. லோடு?

— எக்கேடு கெட்டும் போகட்டும்! விட்டுட்டு வரேன்.

— கீழ ஆளுங்க இருக்காங்க மாமா.

— நிஜமா இருக்கானுங்களா? இல்ல, அதுவும் உன் கதையா?

— உங்களால பார்க்க முடியாது. நான் சொல்றதைத்தான் நம்பணும்.

— பாவி... இப்படி மாட்டி விட்டுட்டியே. காத்து வேற அடிக்குது. கேபின் ஆடுது மச்சான். எனக்குத் தலை சுத்துது.

— கண்ணை மூடாதீங்க. மூச்சை இழுத்து விடுங்க. பஸ் கிளம்புற வரைக்கும்தான்.

— எந்த பஸ்? சொல்லுடா, எந்த பஸ்? உங்க பெரியக்கா வீட்டுக்குத்தானே? போன தடவையும் அங்கதான் போனா. அதுக்கு முந்தியும் அங்கதான். எனக்குத் தெரியாத இடமா?

— ஏத்தி விட்டுட்டேன் மாமா. பாப்பாவுக்கு ஜன்னல் சீட்டு கிடைச்சுது. இந்நேரம் கிளம்பியிருக்கும். நீங்க இனிமே இறக்கலாம். மெதுவா... இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்க. கொக்கியைக் கழட்டிட்டேன்.

— அப்ப கீழ எவனுமே இல்ல.

— இல்ல மாமா.

— பரவாயில்ல, போகட்டும். நாளைக்கே அவ வாசல்ல போய் நிப்பேன். இல்ல, நான் எதுக்குப் போகணும்? ரெண்டு தடவையும் கூட்டிட்டு வந்து விட்டது யாரு? நீதானே! குடும்பம்னா நாலும் இருக்கும், அனுசரிச்சுப் போன்னு எனக்கு முன்னாடியே அவளுக்குப் புத்தி சொன்னவன்தானே நீ?

— சொன்னேன்தான். இப்பவும் உங்க குடும்பத்தைப் பிரிக்கணும்னு எனக்கு ஆசையா மாமா? உங்களுக்கும் கோபம் ஆறட்டும், அவளுக்கும் காயம் ஆறட்டும். அப்புறம் உக்காந்து பேசலாம். பேசி முடிச்சதும் நானே அவளைக் கூட்டிட்டு வரேன்.

— அப்படிச் சொல்லு! இதுதான் என் மச்சான். பொட்டப்புள்ளை அழுதா உனக்கு மனசு இளகிடுது, அதுதான் உன் வியாதி. பெரியக்காவுக்கு போன் போட்டுச் சொல்லிடு, பஸ்ஸை விட்டு இறங்கினதும் என்கிட்ட பேசச் சொல்லு.

— என்னங்க.

— யாரு?

— நான்தான்.

— ஏய்! பாப்பா அம்மா! செட்டையும் தூக்கிட்டா போன? எங்கடி இருக்க?

— மாமா, யார்கூட பேசுறீங்க? எனக்கு உஸ்ஸுன்னு இரைச்சல்தான் கேக்குது. அக்காவா?

— நீ வாயை மூடு மச்சான். ஏய், சொல்லு, எங்க இருக்க? பாப்பா எங்க?

— பாப்பா என் மடியில இருக்கா. நான் பேசி முடிக்கிற வரைக்கும் பட்டன்ல இருந்து கையை எடுக்கப் போறதில்ல, அதனால நீங்க கத்தினாலும் எனக்குக் கேக்காது. இத்தனை வருஷத்துல நான் சொல்றதை நீங்க முழுசா கேக்கப் போறது இப்பதான். நேத்து செட்டை பீரோவுக்குள்ள வச்சது உங்களை ஏமாத்த இல்லங்க. உங்க குரல் இல்லாத வீடு எப்படி இருக்கும்னு கொஞ்ச நேரம் உக்காந்து பார்த்தேன். நல்லா இருந்துச்சு. பாப்பா பாட்டு பாடிச்சு, அவளுக்குப் பாட வரும்னே எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது. நீங்க தேடுவீங்க, தெரியும். தேடுங்க. கீழ நிக்கிற தம்பிக்கு இவ்வளவு தூரம் எடுக்காது, அதனால அவன்கிட்ட நீங்கதான் ஒண்ணு சொல்லணும். என்மேல அவனுக்குப் பாசம் இருக்கு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டு தடவையும் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உங்ககிட்ட விட்டவன் அவன்தானே. பெரியக்கா வாசல்ல அவனும் காத்துக்கிட்டு நிக்க வேணாம்னு சொல்லிடுங்க. அவன் ஏத்தி விட்ட பஸ்ஸை விட்டு நான் அடுத்த ஸ்டாப்லயே இறங்கிட்டேன்.