மிளகளவு தோல் கேட்கிறாள் என் மருமகள்

அவையை அணிசெய்யும் தலைவர் அவர்களே, ஆய்வுக்கூடத்தை ஆலயமெனப் போற்றும் அறிஞர்களே, நரை சூடிய என் தோழர்களே, பெற்றும் வளர்த்தும் பொறுத்தும் இவ்வுலகைத் தாங்குகிற தாய்மார்களே! உங்கள் உள்ளங்களில் உறையும் இறைவனை வணங்கித் தொடங்குகிறேன்.

உடலும் இறைவன் குடியிருக்கும் கோயில்தான். அக்கோயிலுக்குக் காவல் உண்டா? உண்டு. நுரையீரலில் உண்டு, தோலில் உண்டு, கொழுப்பிலும் உண்டு! நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கங்கே பாளையம் இறங்கியிருக்கின்றன. அவை எதை எரித்து வலிமை பெறுகின்றன? வயது ஏற ஏற அந்த எரிப்பு மாறுகிறதா? இந்த வினாவைத்தான் என் மருமகள் கையில் எடுத்தாள்.

அவளுடைய துறைத்தலைவர் நல்லவர். இதோ, முன்வரிசையில் நெளிந்துகொண்டிருக்கிறார். முதியோரின் ரத்தத்தைச் சோதித்தவர், சொல்லும்படி ஒன்றும் இல்லை, ஆய்வை மூடிவிடலாம் என்றார். மூடினால் அவள் உழைப்பெல்லாம் பாழ். அவளோ விடவில்லை.

"சார், ரத்தத்துல ஓடுறது தெருவுல நடந்து போற ஆளுங்க மாதிரி. நான் பாக்க வேண்டியது வீட்டுலயே குடியிருக்கிறவங்கள."

சரி என்றார். ஆனால் உடலின் திசுவை யார் தருவார்? கேட்ட வீடெல்லாம் கதவைச் சாத்தியது. அந்நேரம் என் துணைவிக்குக் குடலிறக்க அறுவை. வெட்டும்போது ஓரத்தில் துளி கொழுப்பு எடுத்துக்கொள்ளலாமா என்று மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். படுத்திருந்தவள் சொன்னாள்: "எடுத்துக்கோம்மா. ஆனா மாமியாருக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு ஊர் பூரா எழுதி வெச்சிடாத."

சிரியுங்கள், சிரியுங்கள்! அன்று மருத்துவரும் சிரித்தார். என் துணைவியைப் பார்த்து, தம் அறுவையின்போது கொழுப்புத் தர ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் வந்தார்; தையற்கார அம்மையார் வந்தார்; பின்னால் ஒரு வரிசையே வந்தது.

கண்டது என்ன? முதுமையில் காவலர் உறங்கிவிட்டனர் என்றல்லவா எண்ணினோம்? உறங்கவில்லை! செல்லுக்குள் நின்று நிதானமாய் எரியவேண்டிய உலை தணிந்திருந்தது. அதை ஈடுகட்டச் சர்க்கரையை அவசர அவசரமாய் எரித்து, எதிரி இல்லாத வேளையிலும் உருவிய வாளோடு நின்றிருந்தனர். அந்த ஓயாத பரபரப்புதான் அழற்சியாய் உள்ளுக்குள் புகைகிறது. தளர்ந்தும் தளத்தை விட்டு நகராத காவல் ஐயா, நம் காவல்! மூடச் சொன்ன தலைவரே இன்று அடுத்த ஆய்வுக்கு வழிவிட்டிருக்கிறார்.

கொழுப்பில் கண்டது தோலிலும் உண்டா? அதை அறிய மிளகளவு தோல் வேண்டும். மரத்துப்போக மருந்து கொடுத்தே எடுப்பார்கள். இளையோர் தந்துவிட்டனர், நரைத்தவர் தராவிட்டால் ஆய்வு பாதியில் நின்றுவிடும். காக்கும் கடவுளை நாள்தோறும் துதிக்கிறோமே, அவன் நமக்குள் நிறுத்திய காவலரை அறிய மிளகளவு தரமாட்டோமா? தருவோர் கை உயர்த்துங்கள்!

அதோ ஒரு கை. அதோ நம் தபால்காரர். அடடா, பின்வரிசை முழுவதும்! என் துணைவியும் உயர்த்தியிருக்கிறாள். நீதான் முன்னமே கொடுத்துவிட்டாயே என்றால், "அது வேற, இது வேற. பேச்ச முடிங்க, பேர் எழுதட்டும்" என்கிறாள்.

நன்றி சொல்ல எழுந்த மருமகள் பேர் எழுதத் தாளோடு பின்வரிசைக்கே போய்விட்டாள். அவளுக்கும் சேர்த்து நானே சொல்கிறேன்: உயர்ந்த கைகளுக்கெல்லாம் நன்றி, அவற்றுக்குள் விழித்திருக்கும் காவலுக்கு என் வணக்கம்.