பாப்பாவுக்கு மழை கேட்க வேண்டும்

குழந்தை தூங்கும்போது வீடு எவ்வளவு அமைதியாக இருக்க வேண்டும்? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

மயூர் விஹாரில் நான் ஏறிய பேருந்தில், முன் இருக்கையில் தமிழ் பேசும் கணவனும் மனைவியும் இருந்தார்கள். மனைவியின் மடியில் கைக்குழந்தை அயர்ந்து தூங்கியது. கணவரின் கையில் நீல வண்ணம் பூசிய கூரைத் தகட்டின் மாதிரித் துண்டு.

“தகரத்துக்கு அடியில முழுக்க ஃபோம் ஒட்டிரலாம். வெயிலும் எறங்காது, மழ சத்தமும் கேக்காது,” என்றார் கணவர்.

“அடுப்புப் பக்கம் மட்டும் ஒட்டாதய்யா, தூளி அங்கதான கட்டியிருக்கு. பாப்பாவுக்கு மழ கேக்கணும்.”

“கேட்டா முழிச்சுக்குவாளே?”

“சத்தம் நின்னாதான் முழிக்கிறா. பொறந்ததுலேர்ந்து பழைய தகரத்துக்கு அடியிலதான தூங்குறா.”

“பாக்கலாம். தகரம் வெட்டுறதுக்கு கிரைண்டர் மெஷின் வாடகைக்கு எடுக்கணும்.”

“அதுல வெட்டினா பொறி பட்டு பெயிண்ட் கருகிரும், அப்புறம் துருப்பிடிக்கும்னு நீதான சொன்ன. தகரம் வெட்டுற கத்திரியே போதும். ஸ்க்ரூவுக்கு ரப்பர் வாஷர் மறந்துராத.”

“அச்சா, மேஸ்திரியம்மா.”

சிக்னலில் ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். குழந்தை சிணுங்கிக் கண் திறந்தது. கணவர் தகட்டுத் துண்டை அதன் பக்கத்தில் பிடித்து, விரல் நகங்களால் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். குழந்தையின் கண்கள் மறுபடி மூடின.

“பாத்தியா?” என்றார் மனைவி.

“சரி, அடுப்புப் பக்கம் ஒட்டல.”

என் மகனுக்காக நான் காலிங் பெல்லைக் கழற்றி வைத்திருக்கிறேன். அவன் தூங்கும்போது குக்கர்கூட வைப்பதில்லை. அப்படியும் விழித்துக்கொள்கிறான். பெல்லைத் திரும்ப மாட்டிவிடலாமா? குழந்தை வளர்த்தவர்கள் சொல்லுங்களேன்.